இரண்டாவது தட்டு

ராசிபுரம்
3-12-1961

'கருக்கல் மாளிகை' படத்துக்குச் சங்கீதம் போட்டவருக்கு, ராசிபுரம் பட்டு நெசவு அர்த்தநாரி எழுதுவது.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. சேலம் ஸ்டூடியோ, சங்கீதப் பகுதி என்று மேல்விலாசம் போட்டால் சேரும் என்றார் தபால்காரர். நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. எழுத்து நானாகக் கற்றது. ஆகையால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

உங்கள் படத்தில் ஒரு பேய் தறி நெய்கிறதாம். பூட்டிய அறைக்குள் தறி தானாக ஓடுகிறதாம். அந்தச் சத்தம் என் வீட்டுத் தறியின் சத்தம். நான் படம் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். எதிர் வீட்டுச் செங்கோடன் ஐம்பது வருஷமாக என் தறியைக் கேட்பவன். மிதிக்கட்டை கீச்சென்பதையும், ஒவ்வொரு ஊடை நூல் குறுக்கே ஓடியதும் அதை இறுக்கும் பலகை இரண்டு தரம் அடிப்பதையும் அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எங்கள் தெருவில் நாற்பது தறி. எல்லோரும் ஓரடி அடிப்பார்கள். இரண்டடி அடிப்பவன் நான் ஒருவன்.

யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? நான் காலையில் தறிக்குழியில் இறங்கினால் எதிர்வீட்டு மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறாள். தெருப் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் பல்லைக் காட்டிப் பேய் மாதிரி நிற்கின்றன. என் அறுபத்தைந்து வயது உழைப்பு உங்களுக்குப் பேய்ச் சத்தமாகிவிட்டது. படத்திலிருந்து அதை எடுத்துவிடுங்கள். பதில் வேண்டும்.

அர்த்தநாரி

*

சேசு மரி சூசை

சேலம்
9-12-1961

மதிப்புக்குரிய பெரியவர் அர்த்தநாரி அவர்களுக்கு அற்புதராஜ் வணக்கம்.

உங்கள் கடிதத்தை ஆபீசில் என்னிடம் கொடுத்தார்கள். சங்கீத டைரக்டருக்கு நான் உதவியாளன், ஆர்மோனியம் வாசிப்பவன். அந்தத் தறிச் சத்தத்தைப் பிடித்துவந்தது நான்தான். கோபிக்க வேண்டியவன் நான். நடந்ததை எழுதுகிறேன்.

பூட்டிய அறைக் காட்சிக்கு முதலில் வயலின் போட்டோம், கிளாரினெட் போட்டோம். பயம் வரவில்லை. கல்யாண வீட்டில் யாரோ கோபித்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. நான் கத்தோலிக்கன். எங்கள் கோவிலில் பெரிய வியாழன் முதல் உயிர்ப்புப் பெருநாள் வரை மணி அடிக்கக்கூடாது, ஆர்மோனியத்தையும் மூடிவிடுவோம். மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருவில் போவார்கள். சிறுவயதில் அந்தச் சத்தம் கேட்டால் என் அம்மா சேலைக்குள் புகுந்துகொள்வேன். அதை நினைத்துத்தான், வாத்தியமே வேண்டாம், மரம் போதும், தறி போதும் என்று டைரக்டரிடம் சொன்னேன்.

ஒற்றைத் தறி தேவைப்பட்டது. எந்த நெசவுத் தெருவுக்குப் போனாலும் நாற்பது தறி சேர்ந்து ஓடுகிறது. தைப்பூச வாரத்தில் ராசிபுரம் நெசவாளர்கள் பழனிக்கு நடந்து போய்விடுவார்கள், தெரு ஓய்ந்திருக்கும் என்று போன வருஷம் டிரைவர் மயில்வாகனம் சொன்னார். டேப் ரிக்கார்டர் பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர் வந்தோம். தெரு முழுக்க நிசப்தம். ஒரே ஒரு வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே நின்று அனுமதி கேட்டேன். தறியில் இருந்த அம்மா, வேலையை நிறுத்த முடியாது, வேண்டுமானால் வெளியே நின்று பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்.

அந்த வீட்டுப் பெரியவரிடமும் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தவறு, மன்னிக்கவும். படம் முப்பது ஊர்களுக்குப் போய்விட்டது, இனிச் சத்தத்தை எடுக்க வழியில்லை.

தங்கள் பணிவுள்ள,
அற்புதராஜ்

*

ராசிபுரம்
15-12-1961

அற்புதராஜுக்கு அர்த்தநாரி எழுதுவது.

கடிதத்தின் தலையில் மூன்று பெயர் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று பேரையும் மேலே உட்கார வைத்துக்கொண்டு கீழே பொய் எழுதலாமா?

எங்கள் வீட்டில் பெண்கள் குச்சியில் நூலேற்றித் தார் சுற்றுவார்கள். தறியில் இறங்கமாட்டார்கள். என் தாய் இறங்கியதில்லை, என் மனைவி இறங்கியதில்லை. போன வருஷம் தைப்பூசத்துக்கு நான் பழனிக்குப் போனது உண்மை. கண்காட்சிச் சேலை பாதியில் இருந்தது. மகன் மயில்சாமியை வீட்டில் விட்டுப் போனேன். எட்டாம் நாள் திரும்பி வந்தபோது ஒன்றரை முழம் ஏறியிருந்தது. யார் ஓட்டியது என்றேன். "நாந்தானுங்கப்பா" என்றான். அந்தச் சேலைக்குச் சேலத்தில் கோப்பை கொடுத்தார்கள். அது எங்கள் நெசவாளர் சங்கத்தில் இருக்கிறது.

அதன் பிறகு என் மருமகள் அங்கம்மாள், அந்த ஒன்றரை முழமும் தான் நெய்தது என்று தார் சுற்றும் பெண்களிடம் சொன்னாள். சங்கத்துப் பெரியவர்கள் பதினொரு பேரைக் கூட்டினேன். புருஷன் அப்போது நாமக்கல் போயிருந்தான், வீட்டில் இல்லை என்றாள். நான் வீட்டில்தான் இருந்தேன் என்றான் அவன். சாட்சி உண்டா என்று கேட்டதற்கு, பெட்டியோடு ஓர் ஆள் சன்னலில் வந்து நின்றான் என்றாள். ஆம்பளை இல்லாத வீட்டுக்கு எந்த ஆள் வந்தான், எதற்கு வந்தான் என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் முருகன் கோவிலில், என் தறியில் பெண் கை பட்டதில்லை என்று உள்ளங்கையால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தேன். அவள் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜேடர்பாளையத்துக்குத் தாய் வீடு போனாள். ஒன்றரை வருஷமாகிறது.

இப்போது நீங்கள் வந்து தறியில் ஓர் அம்மா இருந்தார் என்று எழுதுகிறீர்கள். அவள் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாளா? எழுதியதைத் திரும்பப் பெறுங்கள். அதற்குமேல் நமக்குள் பேச்சில்லை.

அர்த்தநாரி

*

சேலம்
22-12-1961

பெரியவருக்கு அற்புதராஜ் எழுதுவது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு என் மனைவி ரோசியிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பொம்பளை உங்களாலதானுங்க வீட்டை விட்டுப் போயிருக்கா" என்றாள்.

எழுதியதைத் திரும்பப் பெற முடியாது. அந்தப் பெட்டிக்கார ஆள் நான். வீட்டுக்குள் நான் கால் வைக்கவில்லை. என்னோடு டிரைவரும் இன்னொரு ஆளும் இருந்தார்கள், மூவரும் தெருவிலேயே நின்றோம். நேரம் காலை பதினொரு மணி. நாங்கள் பிடிக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் தேதி, ஊர், நேரம் எழுதி வைப்பது ஸ்டூடியோ வழக்கம். அந்தப் பக்கத்தில் 'ராசிபுரம், தறி, பெண், பதினைந்து நிமிஷம்' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அந்த அம்மாவின் பெயரைக் கேட்கவேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கடிதத்தில்தான் முதல்முறையாகப் படிக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நீங்கள் இரண்டடி என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது இரண்டும் ஒரே மாதிரியான அடி அல்ல. முதலாவது பலமானது. இரண்டாவது அதன் மேல் விழும் ஒரு சின்னத் தட்டு. கை ஓய்ந்துபோய், ஆனாலும் விட மனமில்லாமல் தட்டுவது போல இருக்கும். அதை வெட்டிவிடச் சொன்னார்கள், நான் விடவில்லை. அந்த இடத்தில் வேறு வாத்தியம் எதுவும் சேர்க்கவும் விடவில்லை. தியேட்டரில் ஜனங்கள் முதல் அடிக்குப் பயப்படுவதில்லை. இரண்டாவது தட்டுக்குத்தான் மூச்சை இழுக்கிறார்கள்.

நீங்கள் அடிப்பது அப்படித்தான் என்றால் நான் பொய்யன். உங்கள் காதே தீர்ப்புச் சொல்லட்டும். படம் சேலத்தில் இன்னும் ஓடுகிறது.

அற்புதராஜ்

*

ராசிபுரம்
8-1-1962

அற்புதராஜுக்கு அர்த்தநாரி எழுதுவது.

நேற்று ஞாயிறு, சேலம் வந்து பகல் ஆட்டம் பார்த்தேன். உங்களைப் பார்க்க வரவில்லை. வர மனமில்லை.

படம் பார்த்தேன் என்பது தவறு. பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்தவன், "பயமா இருந்தா வெளிய போயிருங்க தாத்தா" என்றான்.

மிதிக்கட்டை என்னுடையது. அதில் சந்தேகமில்லை. அடிப்பது நானில்லை.

என் இரண்டு அடியும் ஒரே பலம். மயில்சாமி ஓரடிதான் அடிப்பான், அதுவும் இழுத்து அடிப்பான். திரையில் கேட்டது என் அடியைப் பார்த்துப் பழகிய கை. முதல் அடியில் இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, இரண்டாவதை விடக்கூடாது என்பதற்காகத் தட்டுகிற கை. பத்து ஊடைக்கு ஒருமுறை நிற்கிறது. கரையைத் தடவிப் பார்க்கிற நேரம் அது. ஆறு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றியவள் அவள். வேறு யாரும் என் தறியை அத்தனை அருகிலிருந்து பார்த்ததில்லை. என் அப்பா பருத்தி நெய்தவர். பட்டு நெசவை நானும் அடுத்த வீட்டுச் சன்னலில் நின்று பார்த்துத்தான் பழகினேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் மறுபடியும் பொய்யாகும். பழனியிலிருந்து வந்த அன்றே அந்த ஒன்றரை முழத்தைத் தடவிப் பார்த்தேன். கரை என்னுடையதைவிட நெருக்கமாக இருந்தது. மகன் தேறிவிட்டான் என்று நினைக்க ஆசைப்பட்டேன். நினைத்தேன். அந்த ஆசையின் மேல்தான் சூடம் அணைத்தேன்.

வீட்டுக்கு வந்து மயில்சாமியைக் கேட்டேன். நாமக்கல்லில் லாரிப் பட்டறை ஒன்றில் வேலை கேட்டுப் போனதாகவும், எனக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயந்து மறைத்ததாகவும் சொன்னான். உங்கள் படத்தில் வரும் பேயைவிட நான் பெரிய பேயாக இருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

அர்த்தநாரி

*

சேலம்
14-1-1962

பெரியவருக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு ஆர்மோனியத்தில் கை ஓடவில்லை. குறிப்பு நோட்டை எடுத்துக்கொண்டு டிரைவர் மயில்வாகனத்தோடு ராசிபுரம் வருகிறேன். பதினொரு பேருக்கும் முன்னால் நின்று, அந்த ஆள் நான்தான், தெருவில்தான் நின்றேன் என்று சொல்கிறேன். ஜேடர்பாளையத்துக்கும் வந்து அங்கம்மாளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நாள் மட்டும் சொல்லுங்கள்.

அற்புதராஜ்

*

ராசிபுரம்
12-2-1962

அற்புதராஜுக்கு அர்த்தநாரி எழுதுவது.

நீங்கள் வரவேண்டாம் என்று உடனே எழுதியிருக்க வேண்டும். எழுதாதது என் தவறு. நீங்கள் வந்து சொன்னால் அது உங்கள் சாட்சியாகும். பொய் என்னுடையது, நான்தான் எடுக்கவேண்டும்.

அதே பதினொரு பேரைக் கூட்டினேன். உங்கள் கடிதங்களைப் படித்தேன். அடி யாருடையது என்று கேட்டேன். கடைசியில் அவர்களில் ஒருவனான செங்கோடன் சொன்னான்: "படம் பாத்த அன்னிக்கே தெரியுமுங்கண்ணா. அது உங்க கை இல்லீங்க. உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல ஆருக்குங்க தைரியம்?" என்னிடம் வந்து அது என் தறி என்று மட்டும் சொன்னவன் அவன்தான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. பிறகு போய்விட்டது.

கோவில் பண்டாரம் பரிகாரம் செய்தால் போதும் என்றார். பரிகாரம் சாமிக்குச் சரி, அன்று கேள்வி கேட்டுச் சிரித்த பதினொரு பேருக்கு என்ன பரிகாரம்? அவர்களை அதே முருகன் கோவிலில் நிற்க வைத்தேன். என் தறியில் அங்கம்மாள் நெய்தாள், கோப்பை வாங்கிய கரை அவளுடையது, அவள் சொன்னது எல்லாம் உண்மை என்று சொல்லி மறுபடியும் சூடம் அணைத்தேன். பெண்கள் தறியில் இறங்குவது எங்கள் வழக்கமில்லை. அதை நான் மாற்றிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

மறுநாள் ஜேடர்பாளையம் போனேன். சம்பந்தியம்மாள் நல்லம்மாள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"ஆரு, சூடம் அணைச்சவிகளா? பொய்க்காரியப் பாக்கறதுக்கு எதுக்குங்க இத்தனை தூரம் பஸ் ஏறி வந்தீங்க?"

நின்றேன். வாய்க்கால் பக்கமிருந்து அங்கம்மாள் வந்தாள். இடுப்பில் பேத்தி. என்னை அடையாளம் தெரியாமல் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோவிலில் சொன்னதை அப்படியே திரும்பச் சொன்னேன். அவள் அழவில்லை. உங்களைப் பற்றியும் சொன்னேன். சினிமாவில் அவள் அடி ஓடுகிறது என்றேன். பேய்ப் படம் என்பதையும் மறைக்கவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் படத்துல ஆராரு என்ன பண்ணாங்கன்னு பேரெல்லாம் போடுவாங்களாங்க மாமா?"

போடுவார்கள் என்றேன்.

"அப்ப எம்பேரும் போடச் சொல்லுங்க. பேய்ப் படமா இருந்தா என்ன. பொட்டி தூக்கிட்டு வந்த ஆளு எதுக்கு வந்தாருன்னு அச்சுலயே இருக்கட்டும்."

வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்டேன். "நீங்க வந்துட்டீங்க மாமா. பொய் சொன்னது நீங்க மட்டும் இல்லீங்களே" என்றாள். நல்லம்மாள் சோறு போட்டார். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

முதல் கடிதத்தில் அந்தச் சத்தத்தை எடுத்துவிடச் சொன்னேன். எடுக்கவேண்டாம். அவள் பெயரைப் போடுங்கள். முடியாது என்று எழுதாதீர்கள்.

அர்த்தநாரி

*

சேலம்
24-2-1962

பெரியவருக்கு அற்புதராஜ் எழுதுவது.

படத்தின் தலைப்பில் இனிப் பெயர் சேர்க்க முடியாது. முடியாது என்று எழுதாதீர்கள் என்றீர்கள், ஆனாலும் அதுதான் உண்மை. முடிந்ததைச் செய்திருக்கிறேன்.

தியேட்டர் வாசலில் விற்கிற பாட்டுப் புத்தகம் தீர்ந்துபோய் மறுபடி அச்சடிக்கிறார்கள். அதில் வாத்தியம் வாசித்தவர்கள் பெயரெல்லாம் வரும். அங்கம்மாள் பெயரையும் போடவேண்டும் என்று சங்கீத டைரக்டரிடம் கேட்டேன். "குடும்பப் பெண் பேரைப் பேய்ப் படப் புஸ்தகத்துல போடறதா? நாளைக்கு அவ ஊர்க்காரங்க வந்து என் கழுத்தப் பிடிச்சா நீயா வந்து நிப்பே?" என்றார். உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தவர், பாதியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில், என் பெயருக்கு அடுத்த வரியில் போடச் சொன்னார். நான் அதை மாற்றி, அங்கம்மாள் பெயரை முதலிலும் என் பெயரை அடுத்ததாகவும் கொடுத்துவிட்டேன். டைரக்டர் இன்னும் கவனிக்கவில்லை.

அச்சானது இப்படி இருக்கும்: 'தறி: ராசிபுரம் அங்கம்மாள். தைப்பூச வாரத்தில் ஒரு காலை தெருவில் நின்று பதிவு செய்தவர்கள்: அற்புதராஜ், மயில்வாகனம் மற்றும் உதவியாளர்.' ஒரு பாட்டுப் புத்தகத்தில் இப்படி ஒரு வரியை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அச்சுக்கோப்பவர் இரண்டு முறை என்னைக் கூப்பிட்டு இது சரிதானா என்று கேட்டார்.

பத்துப் பிரதிகள் தனித் தபாலில் வருகின்றன. தவக்காலம் தொடங்கப்போகிறது. அங்கம்மாளுக்காகவும் குழந்தைக்காகவும் நாங்கள் ஜெபிக்கிறோம். உங்களுக்காகவும்தான். அதற்குக் கோபிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அற்புதராஜ்

*

ராசிபுரம்
5-3-1962

அற்புதராஜுக்கு அர்த்தநாரி எழுதுவது.

புத்தகங்கள் வியாழக்கிழமை வந்தன. அட்டையில் தலைவிரி கோலமாக ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறீர்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. காகிதமும் மட்டம். அந்த வரியில் பிழையில்லை.

ஒன்றைச் சங்கத்தில் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். எடுத்துவிடச் சொன்னார் ஒருவர். அப்படியென்றால் கோப்பையையும் எடுங்கள் என்றேன். இரண்டும் அங்கேயே இருக்கின்றன. செங்கோடனுக்கு ஒன்று கொடுத்தேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. மருமகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டானாம்.

சனிக்கிழமை மயில்சாமியைக் கூப்பிட்டு அந்த வரியைப் படிக்கச் சொன்னேன். படித்தான். இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டான். அப்போது சொன்னேன்: "நாமக்கல் பட்டறைக்கே போ சாமி. நான் தடுக்கல. அதுக்கு முன்னால போகவேண்டிய எடம் ஒண்ணு இருக்குது. அங்க உன்னை நான் கூட்டிட்டுப் போகமாட்டேன்."

நேற்று விடிந்ததும் குளித்துவிட்டு, ஒரு புத்தகத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முதல் பஸ்ஸுக்கு நடந்தான். எந்த ஊர் பஸ் என்று நான் கேட்கவில்லை. திருச்செங்கோடு பஸ்ஸில் ஏறினான், அங்கே இறங்கி ஜேடர்பாளையம் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று கண்டக்டரிடம் கேட்டான் என்று காய்கறிக்காரி கந்தம்மாள் வந்து சொன்னாள்.

நல்லம்மாள் அவனையும் வாசலில் நிறுத்துவார். நிறுத்தட்டும். அங்கம்மாள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. மன்னிக்காவிட்டாலும் அவளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

இப்போது திங்கள் சாயங்காலம். நேற்றுக் கடைசி பஸ்ஸில் அவன் வரவில்லை. இன்று வந்த மூன்று பஸ்ஸிலும் வரவில்லை. நாலாவது பஸ் இன்னும் கொஞ்ச நேரத்தில் வரும். வாசலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே அவனுக்கு இடம் கிடைத்திருந்தால் வரமாட்டான். அவன் அதில் இருக்கக்கூடாது.

அர்த்தநாரி